பெரியம்மா தண்ணி

எங்கள் பிளாக்கில் எதையும் முதலில் அவர்தான் குடிப்பார். டெங்கி பரவிய வருஷம் தரைமாடியில் அண்டா வைத்து நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினோம். பிள்ளைகள் வரிசையில் நின்றன. யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒன்றையொன்று முன்னால் தள்ளிவிட்டன. அவர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு கிண்ணம் நிறைய வாங்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நாக்கை நீட்டிப் பிள்ளைகளிடம் காட்டினார்.

"பாத்தீங்களா, நாக்கு அப்படியே இருக்கு, கழண்டு விழல. குடிங்க லா."

பிள்ளைகள் குடித்தன. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என் கடைக்குப் பின்பக்கமாக வந்து, "தங்கச்சி, ஆளைக் கொல்ற கசப்பு. வெல்லம் இருந்தா ஒரு துண்டு குடு" என்று ரகசியமாகக் கேட்டார். வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்டு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன்.

நான் கிள்ளானில் ஐந்து மாடி ஃபிளாட் ஒன்றின் கீழே காலையில் தோசைக்கடை போடுகிறவள். லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் மகன் வருத்தப்படுவான். அவரைப் பற்றி எழுதாமல் விட்டாலோ எனக்கு மனம் ஆற மாட்டேன் என்கிறது. ஆகவே பெயரில்லாமல் எழுதுகிறேன். நல்லதையும் எழுதுவேன், மற்றதையும் எழுதுவேன்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயிற்றுக் கோளாறுக்காரர்களுக்குப் படம் எடுக்கும் முன் ஒரு வெள்ளை மருந்து குடிக்கக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் பேரியம். இருபத்தேழு வருஷம் அதைக் கலக்கிக் கொடுத்ததுதான் அவர் வேலை. சுண்ணாம்பைக் குழைத்ததுபோல் கெட்டியாக இருக்குமாம். நோயாளிகள் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்களாம். இவர் இன்னொரு கப்பில் கொஞ்சம் ஊற்றி, அவர்கள் கண்ணெதிரே ஒரு மடக்கு குடித்துக் காட்டுவார். இதற்காக மேலதிகாரியிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

தமிழ் நோயாளி வந்தால் அவரிடம் ஒரு வசனம் உண்டு. என் கடையில் அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

"பயப்படாதம்மா. இது பேரு பேரியம். நம்ம பெரியம்மா மாதிரின்னு வச்சுக்க. வீட்டுக்குள்ள வரும், அடுப்படி, அலமாரி எல்லாத்தையும் எட்டிப் பாக்கும். ஒண்ணையும் தொடாது. வந்த மாதிரியே வெளிய போயிடும்."

"எங்க பெரியம்மா வந்தா ஒரு சேலையாவது எடுத்துக்கிட்டுத்தான் போவாங்க அண்ணே" என்று நான் கேலி செய்வேன்.

"அது உங்க பெரியம்மா. ஆஸ்பத்திரி பெரியம்மா தங்கம்" என்பார்.

மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாயிற்று. ஒரே மகன், அவனும் ஜொகூரில். அதனால் பிளாக்கில் இருக்கும் அத்தனை வீடும் அவருக்குத் தன் வீடுதான். யாருக்கு மாத்திரை விழுங்கத் தெரியாதோ, எந்தக் குழந்தை சிரப்பைத் துப்புகிறதோ, அங்கே இவர் இருப்பார். அவர் வாயில் பட்டால் அது நல்லது என்று எங்களுக்கு ஒரு பழக்கமே வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியது. ஒரு தீபாவளிக்கு இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் எல்லோரையும் கூப்பிட்டு ஆட்டுக்கறி பரிமாறினாள். கறியில் ஒரு வாடை. இலையின் முன் உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கத் தொடங்கியது. இவர் முதல் ஆளாக எடுத்து வாயில் போட்டு, "ஆகா, எங்க ஊட்டுக்காரி கைப்பக்குவம்" என்றார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். மற்றவர்களும் மரியாதைக்குக் கொஞ்சம் தின்றார்கள். மறுநாள் அவரைக் காணோமே என்று நான் மேலே போனேன். படுக்கையில் சுருண்டு கிடந்தார், வாளி பக்கத்திலேயே. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கறிதானே என்று கேட்டதற்கு, "இல்லம்மா, வெயில்ல அலைஞ்சேன்" என்றார். கீழே அதைத் தின்ற மூன்று பிள்ளைகளுக்கும் வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். அதற்கும் வெயில் என்றார். நல்லது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அவர் வாயால் அதைக் கெட்டது என்று சொல்ல வைக்க முடியாது. அதை நான் அன்றைக்குப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி தண்ணீருக்கு வருகிறேன்.

கிள்ளான் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எவனோ ஆற்றில் எதையோ ஊற்றுவான், சுத்திகரிப்பு நிலையத்தை மூடுவார்கள், எங்களுக்கு மூன்று நாள், நான்கு நாள் தண்ணீர் இராது. லோரி வரும். வயதானவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறுவார்கள். வந்தாலும் மேல்மாடிக்கு நூல்போல வரும், துருவும் குளோரின் வாடையுமாக. இந்தக் கஷ்டத்தைப் பார்த்துத் தொகுதி ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், எங்கள் ஃபிளாட் மைதானத்திலேயே ஆழ்குழாய்க் கிணறு ஒன்று போட்டுக் கொடுத்தார். நீலத் தொட்டி, ஆறு குழாய், இனாம். ஜில்லென்று, கண்ணாடியாக வந்தது தண்ணீர். திறப்பு விழாவில் ஒய்.பி. ரிப்பனை வெட்டினார். முதல் டம்ளரை யார் குடித்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா. அவர் குடிப்பதைப் படம் எடுத்து, ஒய்.பி.யின் முகத்துக்குப் பக்கத்தில் போட்டு, தொட்டியில் பேனர் கட்டினார்கள்.

மைதானத்துக்குப் பின்னால் பெரிய கால்வாய். அதற்கு அப்பால் ஒரு பட்டறை. பல்சக்கரம், இரும்புத்தண்டு இவற்றைக் காய்ச்சி, உருக்கிய உப்பில் முக்கி எடுத்து உறுதியாக்கும் இடம். தீர்ந்துபோன உப்பைச் சாக்குகளில் கட்டி வெளியே அடுக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் உப்பு கரைந்து மண்ணில் ஓடும், சாக்கு இளைத்துக்கொண்டே போகும். மாடியில் துணி காயப்போடும்போது நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறோம். உப்புதானே என்று இருந்துவிட்டோம்.

வீடுவீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்கும் ஒரு சீனர் எங்கள் பக்கம் வருவார். தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டுபோய் லேப்பில் பரிசோதித்து, அந்தத் தாளைக் காட்டிப் பயமுறுத்தி ஃபில்டரைத் தலையில் கட்டுவது அவர் வியாபாரம். கிணற்றுத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போனார். தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் திரும்ப வந்தார். பேரியம் என்ற உலோகம் இருக்கிறது, இருக்கவேண்டிய அளவை எங்கேயோ தாண்டிவிட்டது, குடிக்காதீர்கள் என்றார். அன்றைக்கு அவர் கையில் ஃபில்டர் இல்லை, விலைப்பட்டியல் இல்லை, அந்த ஒரு தாள்தான் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

பேச்சு பரவியதும் குடியிருப்போர் சங்கத் தலைவர் மணியம் மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஒய்.பி.யின் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலை அவருக்கு. சீனர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். பேரியம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், இவர் பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னது, பேரியமா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம பெரியம்மா. இருபத்தேழு வருஷம் நான் கலக்கிக் குடுத்தது. கெடுதல்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில குடுப்பானா? நானே எத்தனை மடக்கு குடிச்சிருப்பேன்."

மண்டபம் சிரித்தது. சீனர் அவர் பக்கம் திரும்பி, "அங்கிள், இத்து லாயின், இனி லாயின்" என்றார். அது வேறு, இது வேறு என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னார். யாரோ பின்னாலிருந்து, "ஃபில்டர் விக்கணும்னா இப்படித்தான் சொல்லுவே" என்று கத்தினார்கள். இவர் வெளியே போய் ஒரு ஜக்கில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்து, மேடைக்கு முன்னால் நின்று, ஒரு டம்ளரை முழுசாகக் குடித்தார். நாக்கை நீட்டிக் காட்டினார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில் நின்று விசிலே அடித்தார். சீனர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றுக்கே பெயர் மாறிவிட்டது. "பெரியம்மா தண்ணி ரெண்டு பாட்டில் புடிச்சிட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்புவார்கள்.

என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பிரஷர் வந்த பிறகு வண்டியை விட்டுவிட்டு என் கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தத் தண்ணீர் என்றால் உயிர். கடைக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று நான் அவருக்கு மட்டும் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் வற்றும், அதில் கரைந்த உலோகம் போகாது, இன்னும் கெட்டியாகும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அக்கறையாகச் செய்ததும் அப்படிப் போயிற்று.

கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் பிரஷர் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் உப்பை அறவே நிறுத்தினேன். அப்படியும் ஏறியது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எங்க போய் கருவாடு தின்னுட்டு வர்றீங்க?"

"சத்தியமா இல்லடி."

"அப்ப எப்படி ஏறுது, காத்துலயா ஏறுது?"

"முருகன் மேல சத்தியம். உப்பு நாக்குல பட்டு மூணு மாசம் ஆச்சு."

"பொய் சொல்றதுக்குச் சாமிய ஏன் இழுக்கறீங்க" என்றேன். கை தளர்ந்துபோய்த் தேயிலைக் குவளையைத் தூக்க முடியவில்லை என்றபோதும், சாக்குப்போக்கு என்றேன். இதையெல்லாம் நான்தான் சொன்னேன், வேறு யாரும் சொல்லவில்லை. சித்திரைப் பிறப்பு கழிந்து பத்தாம் நாள் காலை, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயத்துடிப்பு தாறுமாறாகிவிட்டது, ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதினாறாம் நாள் படையலுக்குக் கருவாடு வைத்தேன். பொய் சொல்லியாவது தின்றாரே, பிடித்ததை வைப்போம் என்றுதான் வைத்தேன்.

அடக்கத்தன்று மூன்றாம் மாடி அண்ணனும் வந்தார். படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். அப்போதே கால் தள்ளாட ஆரம்பித்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் போயிற்று. எனக்கு நெஞ்செரிச்சல் விடாமல் இருக்கவே, கிளினிக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர் வேலை பார்த்த அதே எக்ஸ்ரே பகுதி. சுராயா என்ற மலாய்ப் பெண் வெள்ளைக் கப்பை என்னிடம் நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க பிளாக்குல குழாயிலேயே வருது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எந்த பிளாக் என்று கேட்டாள். சொன்னேன்.

"அங்கிள் உங்களுக்கெல்லாம் சொல்லலையா?" என்றாள்.

அவள் மலாயில் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பேரியம் தண்ணீரில் கரையாத வகை. மாவு மாதிரி வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடும், உடம்பில் ஒட்டாது. பட்டறை உப்பில் இருக்கும் பேரியம் கரையும் வகை. அது ரத்தத்தில் சேரும். பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும், கைகாலைத் தளர்த்தும், இதயத்தைக் கெடுக்கும். பெயர்தான் ஒன்று. "அங்கிள் இங்கே வந்து, கிணத்துத் தண்ணி, பட்டறை உப்பு எல்லாத்தையும் சொல்லி என்கிட்ட கேட்டாரு, நான் இதேமாதிரி சொன்னேன். அந்த பெஞ்சுல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு."

"எப்ப வந்தாரு?"

மாதம் அவளுக்கு நினைவில்லை. கால் டாக்டரைப் பார்க்க வந்தவர் அப்படியே இங்கே எட்டிப் பார்த்தார் என்றாள். "தலை மொட்டை. மஞ்சளா எதையோ பூசியிருந்தாரு" என்றாள்.

அவர் மொட்டை அடித்தது அந்த ஒரு தைப்பூசத்துக்குத்தான். பத்துமலைக்குப் போய் வந்து சந்தனத் தலையோடு என் கடையில் உட்கார்ந்திருந்தார். எதற்கு வேண்டுதல் என்று கேட்டேன், கால் வலிக்கு என்றார். தைப்பூசம் முடிந்து, மாசி முடிந்து, பங்குனி முடிந்து, சித்திரையில்தான் என் வீட்டுக்காரர் போனார். நான் அந்தக் கப்பைக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராக மூன்றாம் மாடிக்குப் போனேன். அவர் நாற்காலியில் இருந்தார். காலுக்கடியில் முக்காலி. என்னைப் பார்த்ததும், "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க தங்கச்சி?" என்றார்.

"சுராயா உங்களைக் கேட்டுச்சு" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேம்மா. எத்தனை பேரு முன்னாடி குடிச்சேன். அத்தனை பேரையும் எப்படிப் பாக்கறது" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு ஒருத்தருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே. தெனம் டீ ஆத்திக் குடுத்தாரே உங்களுக்கு."

"ஒருத்தருகிட்ட சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்." பிறகு நிமிர்ந்து, அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதுபோல, "ஆனா நான் நிறுத்தலம்மா. தெரிஞ்சப்புறமும் விடாம குடிச்சேன். ஜனங்க குடிக்கறப்ப நான் மட்டும் தப்பிச்சா அது பாவம். கீழ இறங்கி, குழாய்கிட்டயே நின்னு, தெனம் குடிச்சேன்" என்றார்.

"அதைப் பாத்துத்தான் அண்ணே அவரும் குடிச்சாரு" என்றேன். "அண்ணனே குடிக்கிறாரு, எனக்கென்னன்னு தெனம் சொல்லுவாரு."

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அந்த எண்ணம் அதுவரை அவருக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. தெரிந்தே கெடுத்தவன் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். இவர் தவம் இருந்திருக்கிறார், எங்கள் கண்ணெதிரே டம்ளரும் கையுமாக. அந்தத் தவம்தான் பேனரைவிடப் பெரிய விளம்பரம்.

நான் கீழே வந்து எல்லோரிடமும் சொன்னேன். கடையில் அரசாங்கப் பைப் தண்ணீருக்கு மாறினேன். மணியம், "உன் வருத்தம் புரியுதுமா, ஆனா வீட்டுக்காரருக்கு முன்னாடியே பிரஷர் இருந்துச்சுதானே" என்றார். இருந்தது. ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, டாக்டரும் தண்ணீர் என்று எழுதவில்லை. ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதைச் சொன்னால், "அங்கிள் ஆஸ்பத்திரிக்காரர்தானே, அவரே குடிக்கிறாரே" என்றார்கள். அவர் வாயால் சொன்னால்தான் கேட்பார்கள். மறுபடியும் மேலே போனேன். அழுதேன், திட்டினேன். இரண்டாம் மாடியில் ஒருத்தி மாசமாக இருக்கிறாள், அவளும் அதையேதான் குடிக்கிறாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். குழாயடியில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும், "மொத மடக்கு அங்கிள் வந்துட்டாரு" என்று சந்தோஷப்பட்டார்கள். அவர் எல்லோரையும் பார்த்து, "இந்தத் தண்ணிய குடிக்காதீங்க" என்றார். யாருக்கும் புரியவில்லை. ஏன் அங்கிள் என்று கேட்டார்கள். பாவம், அவருக்கு வேறு பாஷை தெரியவில்லை.

"அந்தப் பெரியம்மா வேற, இந்தப் பெரியம்மா வேற" என்றார். "அது வந்த மாதிரியே போயிடும். இது போகாது. உள்ளயே உக்காந்துக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை நாள் படுத்துக் கிடந்தாலும் மனுஷனுக்குக் குசும்பு போகவில்லை என்றார்கள். அவர் மறுபடியும், "குடிக்காதீங்க, நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். அவர் கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் இரக்கம்தான் வந்தது அவர்களுக்கு, பயம் வரவில்லை. மணியம் குனிந்து, "அங்கிள், உடம்பு முடியாதப்ப மனசு கண்டதையும் நினைக்கும். மேல போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார், முடியாத ஆளைத் தூண்டிவிட்டது நான்தான் என்பதுபோல. நாற்காலியை மேலே தூக்கிப் போனார்கள். நான் குழாயடியில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. மாசமாக இருந்த அந்தப் பெண் மட்டும் பாட்டிலைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. பிளாக்கில் இருப்பவர்கள் அவரைக் கைவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முறைவைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு மேரி அக்கா தினமும் காலையில் ஒரு பாட்டில் பெரியம்மா தண்ணீர் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைப்பார். ஆசையாகக் குடித்த தண்ணீராயிற்றே என்று. அவருக்கோ வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நான் ஃபிளாஸ்க்கில் பைப் தண்ணீர் கொண்டுபோவேன். அந்தப் பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்துவிட்டு என் தண்ணீரை ஊற்றுவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. கோபத்தோடுதான் தினமும் மூன்று மாடி ஏறினேன். ஒருநாள் நான் கவிழ்ப்பதை மேரி அக்கா பார்த்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. மற்றவர்களிடம் சொன்னார்.

முடிகிற நேரம் நெருங்கியபோது மகன் ஜொகூரிலிருந்து வந்துவிட்டான். அறை நிறைய ஆட்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தேவாரமும் ஜெபமும் ஒன்றுதான் என்று நினைக்கும் மேரி அக்கா மகன் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, "அப்பாவுக்குப் புடிச்ச தண்ணி தம்பி. ஒரு வாய் ஊத்து, நிம்மதியா போகட்டும்" என்றார். அவன் தலையைத் தூக்கி டம்ளரை உதட்டில் வைத்தான். அவர் கண் திறந்திருந்தது. யாரைப் பார்த்தாரோ தெரியாது, என்னைப் பார்த்ததாகத்தான் நான் நினைக்கிறேன். உதட்டை இறுக மூடிக்கொண்டார். நான் பாய்ந்து போய் டம்ளரைத் தட்டிவிட்டேன். தண்ணீர் அவர் மார்பிலும் மகன் மடியிலும் கொட்டியது.

"அது வேணாம்" என்றேன். "இருங்க, நான் கொண்டாறேன்."

சமையலறைக்கு ஓடி ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். மூடி இறுகிப்போயிருந்தது. திறந்து ஊற்றிக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. மகன் என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை.

சாகிற மனுஷன் வாய்க்குப் போன தண்ணீரைத் தட்டிவிட்டவள் என்று இப்போது எனக்குப் பெயர். என் கடையில் தோசை வாங்குகிறார்கள், சட்னி கேட்கிறார்கள், உட்கார்ந்தும் சாப்பிடுகிறார்கள். தண்ணீர் மட்டும் என் கையால் வாங்குவதில்லை. பெரியம்மா தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள்.